விதை போன வீட்டுக் கன்னிக்காய்

பை இன்று காலை வந்துவிட்டது. அடுப்படி வாசலில் கிடக்கிறது. அதே மஞ்சள் துணிப்பை, காதுப் பக்கம் நான் பச்சை நூலால் போட்ட தையலோடு. உள்ளே அவரைக்காய். கையை விட்டு அளைந்தேன். அவரை இலையைக் கசக்கினால் ஒரு பச்சை வாடை வருமே, அது முதலில் வந்தது. அடுத்து மலைப் புகை. ஏலத்தோட்டத்துக் கூலியாட்களின் வரிசை வீடுகளில், லயத்தில், ஈர விறகைப் போட்டு ஊதி ஊதி எரித்த அடுப்பின் புகை. உன் சேலையிலும் அதுதான் அடிக்கும்.

நீ போய்ச் சேர்ந்த பிறகு வருகிற முதல் தை இது. இனிப் பை வராது என்றுதான் நினைத்திருந்தேன். நிம்மதி என்றுகூட நினைத்தேன், மறைப்பானேன். வந்துவிட்டது. யார் கொண்டுவந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

உன்னை என்ன சொல்லி அழைத்து இதைத் தொடங்குவது என்று தெரியவில்லை. தங்கச்சி என்று சொல்ல வாய் வரவில்லை. ஊர் உனக்கு வைத்த பெயரைச் சொல்ல எனக்கு மனமில்லை. நீ என்னைக் கூப்பிட்ட முறையோ பொய் முறை. ஆகவே வெறும் நீ, வெறும் நான். நமக்கு நடுவில் இருந்த அந்த மனுஷனுக்கும் பெயர் வேண்டாம். என் வீட்டுக்காரர் என்று எழுதினால் அது உனக்கும் பொருந்தித் தொலைக்கிறது.

நான் சிலமலையிலிருந்து போடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது இந்த வீட்டின் பின்பக்கம் கல்லும் கருவேலங்கன்றுமாகக் கிடந்தது. கிணறு மட்டும் நல்ல கிணறு. முதல் குழந்தை தங்காமல் போன வருஷம் கல்லைப் பொறுக்க ஆரம்பித்தேன். இரண்டாவதும் தங்காமல் போன வருஷம் பாத்தி கட்டினேன். வீட்டுக்குள் இருந்தால் யாராவது வந்து ஆறுதல் சொல்வார்கள். அந்த ஆறுதலைக் கேட்பதற்கு மண்ணைக் கொத்துவது மேல். கத்தரி, வெண்டை, பாகல், புடல், தண்டுக்கீரை எல்லாம் வந்தன. எங்கள் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த பட்டை அவரைக்கு மட்டும் தனிப் பந்தல். உனக்குத்தான் தெரியுமே, காயின் ஓரத்தில் சேலைக்கரை போல ஊதா ஓடும். வேறு யார் வீட்டிலும் அந்த அவரை கிடையாது. பந்தலுக்குக் கம்பு மலையிலிருந்து அவர்தான், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் தன் ஜீப்பில் போட்டுக் கொண்டுவந்தார். நல்ல வைரம் பாய்ந்த கம்பு. அவரே குழி தோண்டி நட்டார். அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இரண்டு பேருக்கு அவ்வளவு காய் எதற்கு? தெருவில் கொடுத்துப் பார்த்தேன். வாங்கிக்கொள்வார்கள். ஆனால் வளைகாப்பு, சடங்கு என்று ஏதாவது நடந்தால் என்னை மட்டும் கூப்பிட மறந்துவிடுவார்கள். காய்க்கு ஆகிற கை சந்தனம் பூசுவதற்கு ஆகாது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. போங்கடி என்று தெருவுக்குக் கொடுப்பதை நிறுத்தினேன்.

அப்போதுதான் அவர் சொன்னார்.

"மேல மழை இருக்கு, தண்ணி இருக்கு, காய்தான் இல்ல. ஏலச்செடிக்கு நடுவுல ஒரு மொளகாச் செடி வைக்க விடமாட்டாங்க. கப்பக்கெழங்கும் கஞ்சியுமா கெடக்குதுக லயத்துச் சனங்க. நீ கொடு, நான் கொண்டு போறேன்."

அன்று தைத்ததுதான் இந்தப் பை. விடியற்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு அவர் ஜீப்பு மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி மேலே ஏறும்போது முன் சீட்டில் என் பை இருக்கும். அவர் போகாத நாளில் வேறு டிரைவர் யாராவது வாங்கிப் போவார்கள். "கொண்டாங்கக்கா, நாங்க கொடுத்துர்றோம்" என்று அத்தனை மரியாதையாக வாங்குவார்கள். ஜீப்பு ஸ்டாண்டில் இருந்த அத்தனை பேருக்கும் அது எந்த வீட்டுக்குப் போகிறது என்று தெரிந்திருந்தது. ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. ஆம்பளைகள் ஒருவருக்கொருவர் காட்டுகிற விசுவாசத்தில் பாதியைப் பெண்டாட்டிக்குக் காட்டியிருந்தால் நாடு உருப்பட்டிருக்கும்.

நல்ல காயைப் பைக்கு எடுத்து வைத்துவிட்டுச் சொத்தையை நறுக்கி நான் குழம்பு வைத்தேன். முற்றலும் பூச்சியும் எனக்கு, பிஞ்சு லயத்துப் பிள்ளைகளுக்கு. அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். காலிப் பையோடு அவர் இறங்கி வருகிற சத்தம் கேட்டால் அடுப்பில் என்ன இருந்தாலும் விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவேன். அவருக்காக இல்லை. அவர் கொண்டுவருகிற வார்த்தைக்காக.

"என்ன சொன்னாக?"

"என்ன சொல்லுவாக. ஒன்னயக் கும்புடுறாக. கத்திரிக்கா வெண்ணெயாட்டம் இருந்துச்சாம்."

இப்படி ஏதாவது ஒன்று. ஒரு தடவை செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"காய் கொடுத்த கையில வளையல் நெறஞ்சு கெடக்கணும்னு சொல்றாக."

அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பிள்ளை இல்லாதவள் என்று ஒதுக்குகிற ஊரில், முகம் தெரியாத யாரோ மலையில் உட்கார்ந்துகொண்டு என் கைக்கு வளையல் கேட்கிறார்கள். கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது வளையல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இறைப்பேன். எனக்கு ஊரில் ஒரு மதிப்பும் இல்லாவிட்டால் என்ன, மேலே ஒரு லயம் முழுக்க என்னை வாழ்த்துகிறதே என்று. அந்த நன்றியைத் தின்றுதான் அத்தனை வருஷம் உயிரோடு இருந்தேன். கஞ்சியும் குழம்பும் அப்புறம்.

எண்பதுகள் தொடங்கிய பிறகு ஒரு ஆனி மாதம், ஒரு நாள் சாயங்காலம் அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"லயத்துல ஒரு புள்ள பெரியமனுசி ஆயிருக்கு. சீரு செய்ய அத்தை, மாமான்னு ஒரு நாதி இல்ல. பாவமாருக்கு."

நான் எழுந்துவிட்டேன். அவர் கேட்கக்கூட இல்லை, நானாகத்தான் எழுந்தேன். உளுந்து, நல்லெண்ணெய், கருப்பட்டி, பக்கத்து வீட்டில் வாங்கிய நாட்டுக்கோழி முட்டை, ஒரு பாவாடை தாவணி. தோட்டத்தில் பறிக்க முடிந்ததையெல்லாம் பறித்தேன். கடைசியாக அவரை விதையைக் கொஞ்சம் எடுத்து ஒரு மஞ்சள் துணியில் முடிந்தேன். எங்கள் அம்மா வீட்டு வழக்கம் அது. பெண் பெரியவளானால் தலைக்குத் தண்ணீர் ஊற்றி உள்ளே அழைத்த பிறகு அவள் கையால் அவரை நடச்சொல்வார்கள். கொடி ஏறிக் காய்க்கும்போது முதல் காய், கன்னிக்காய், விதை கொடுத்த வீட்டுக்கு வரவேண்டும். அத்தை வீட்டு விதைதான் கொடுப்பது. எனக்கு ஒரு மகள் இருந்து அவளுக்கு ஒரு அத்தை கொடுத்திருக்க வேண்டியது. அதெல்லாம் நடக்காதபோது யாரோ ஒரு பிள்ளைக்கு நானே அத்தையாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்தேன். சத்தியமாக, அந்த வார்த்தையைத்தான் நினைத்தேன்.

"கன்னிக்காய் எனக்கு வந்து சேரணும்னு அந்தப் புள்ளைகிட்டச் சொல்லிருங்க" என்றேன்.

"சொல்றேன்" என்றார். தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இளகிய மனசு என்று நினைத்துக்கொண்டேன். நான் எத்தனை பெரிய முட்டாள் பார்.

அடுத்த தையில் அவர் காலிப் பையோடு வரவில்லை. பையில் அவரைக்காய் இருந்தது. ஊதாக்கரை போட்ட என் வீட்டு அவரை, ஆனால் என் தோட்டத்துக் காயை விடத் தளதளவென்று. மலைக் குளிருக்கு அது அப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. "அந்தப் புள்ள கொடுத்துச்சு" என்றார். தேங்காய் அரைத்துப் போட்டுப் பொரியல் செய்தேன். இரண்டு பேரும் தின்றோம். அவர் தலையை நிமிர்த்தாமல் தின்றார். நான் மறுபடியும் மறுபடியும் போட்டேன். தன் மகள் நட்ட காயைத் தன் பெண்டாட்டி கையால் தின்ன அந்த மனுஷனுக்கு எப்படித்தான் தொண்டையில் இறங்கியதோ.

அதற்கு மறுவருஷம் ஐப்பசி மழையில் மலைப் பாதை வளைவு ஒன்றில் ஜீப்பு உருண்டது. ஆட்களை இறக்கிவிட்டு அவர் மட்டும் திரும்பி வந்தபோது. அந்த மட்டும் புண்ணியம்.

அந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய், செத்த பிறகும். வாசலில் பெஞ்சில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். மலையிலிருந்து ஒரு ஜீப்பு வந்து நின்றது. நீ இறங்கினாய். பின்னால் ஒரு பெண்பிள்ளை. அவள் தோளில் மாற்றுத்துணி அடைத்த பை ஒன்று தொங்கியது. பச்சை நூல் தையல். என் பை. லயத்துச் சனம் வந்திருக்கிறது, எனக்காக வந்திருக்கிறது என்று அந்த நேரத்திலும் எனக்கு ஒரு ஆறுதல் தோன்றியது.

நீ அவர் காலைப் பிடித்து அழுதாய். பிறகு காய்த்தோட்டத்துக்காரி யார் என்று யாரிடமோ விசாரித்துக்கொண்டு என்னிடம் வந்து என் இரண்டு கையையும் பிடித்தாய்.

"காய் கொடுத்த கையி இதானா? இந்தக் கையில வளையல் நெறஞ்சு கெடக்கணும்னு எத்தன நாள் நெனச்சேன். மதினி, ஒங்க தம்பி நம்மளத் தவிக்க விட்டுட்டுப் போயிட்டாரே மதினி!"

அழுகை நின்றது. என்னுடையது மட்டும் இல்லை, அத்தனை பேருடையதும். என் ஓரகத்தி, அதாவது அவர் அண்ணன் பெண்டாட்டி, எழுந்து நின்றாள்.

"யாருடி நீ? யாருக்கு யாரு தம்பி?"

நீ அவளைப் பார்த்தாய். பிறகு என் கழுத்தைப் பார்த்தாய். நான் உன் கழுத்தைப் பார்த்தேன். இரண்டிலும் மஞ்சள் கயிறு. என் கையை நீ விடவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. "அக்கான்னு சொன்னாரு" என்று மெல்லச் சொன்னாய். "போடியில எங்க அக்கா இருக்கு, அதோட தோட்டத்துக் காய்னு சொன்னாரு." உன் முகத்தில் அப்போது நடிப்பு எதுவும் இல்லை. அதை நான் அப்போதே கண்டுகொண்டேன். ஆனால் அதனால் எனக்கு என்ன பிரயோஜனம்?

அதற்குள் அவர் அண்ணன் கத்த ஆரம்பித்துவிட்டார். உன்னையும் பிள்ளையையும் தெருமுனைக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கே குழாயடியில் பாடை போகிற வரைக்கும் நீங்கள் இருவரும் உட்கார்ந்திருந்ததாகப் பிறகு சொன்னார்கள். உன்னை ஊர் என்னென்னவோ சொன்னது. என்னைப் பாவம் என்றது. இரண்டில் எது கேவலம் என்று இன்றைக்கும் எனக்குத் தீரவில்லை.

வளையலை உடைத்தார்கள், தாலியைக் கழற்றினார்கள். வலித்தது அது இல்லை. அந்த வார்த்தை யாருடையது என்று தெரிந்ததுதான் வலித்தது. லயம் முழுக்க என்னை வாழ்த்தவில்லை. ஒரே ஒரு வாய், அதுவும் நான் அல்லாத ஒருத்தியை, ஒரு நாத்தனாரை, வாழ்த்தியிருக்கிறது. நன்றி பொய்யில்லை. ஆனால் அது என் பேருக்கு வந்ததே இல்லை. யார் வீட்டு விருந்திலோ இலை போட்டு உட்கார்ந்து வயிறு நிறையத் தின்றுவிட்டு எழுந்தவள் போல ஆகிவிட்டேன். புருஷன் போனதற்கு ஊரோடு சேர்ந்து அழுதேன். இதற்குத் தனியாகத்தான் அழ வேண்டியிருந்தது.

காரியம் முடிந்த மறுநாள் அரிவாளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். அவரை அப்போதுதான் பூ விட்டிருந்தது. அடியோடு வெட்டினேன். பந்தலைச் சாய்த்தேன். அவர் நட்ட கம்புகளை விறகாக்கி வெந்நீர் போட்டேன். விதைப் பானையைக் கிணற்று மேட்டில் கொட்டி ஒரு விதை விடாமல் குருவி பொறுக்குகிற வரை நின்று பார்த்தேன். நல்லாத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அந்தத் தையிலேயே உன் பை வந்தது. மலை ஜீப்பு டிரைவர் வாசலில் வைத்துவிட்டுத் திட்டு வாங்குவதற்குள் ஓடிவிட்டான். அப்படியே பக்கத்து வீட்டு மாட்டுத் தொட்டியில் கவிழ்த்துவிட்டுப் பையைத் திருப்பி அனுப்பினேன். அடுத்த தையிலும் வந்தது. அதுவும் மாட்டுக்குத்தான். அந்தத் தடவை டிரைவரைப் பிடித்துக் கேட்டேன்.

"எதுக்குடா அனுப்புறா? என்ன வேணுமாம் அவளுக்கு?"

"ஒண்ணும் கேக்கலக்கா. வெத கொடுத்த வீட்டுக்குப் போகணும்னு மட்டும் சொல்லுச்சு."

என் வழக்கத்தை எனக்கே சொல்லிக்காட்டுகிறாளே என்று ஆத்திரம் வந்தது. ஆனால் ஒன்று. அன்றைக்கு ராத்திரிச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. கடையில் வாங்கிய கத்தரிக்காயில் பாதி புழு. தோட்டம் கட்டாந்தரையாகக் கிடந்தது. மாட்டுத் தொட்டியின் ஓரத்தில் இரண்டு காய் விழுந்து கிடந்ததை எடுத்துப் பார்த்தேன். ஊதாக்கரை அப்படியே இருந்தது. உள்ளே கொண்டுபோகவில்லை. ஆனால் பார்த்தேன்.

பிறகு ஒரு ஆடியில் எனக்கு மண் கொத்துகிற அரிப்பு திரும்ப வந்தது. துக்கம் போனதனால் இல்லை. சும்மா உட்கார்ந்து தின்கிற உடம்பு இல்லை இது. கத்தரி நாற்று கிடைத்தது, வெண்டை கிடைத்தது. அவரை மட்டும் கிடைக்கவில்லை. சிலமலைக்குப் பஸ் ஏறிப் போனேன். அம்மா போன பிறகு தம்பி கொல்லையில் மாட்டுக்கொட்டகை போட்டுவிட்டான். "அவரையா? அது போயி எவ்வளவு காலமாச்சு" என்றாள் அவன் பெண்டாட்டி. சொந்தக்காரர் வீட்டிலெல்லாம் கேட்டேன். சந்தையில் தேடினேன். பச்சை அவரை இருந்தது, வெள்ளை அவரை இருந்தது. எங்கள் அம்மாவின் அவரை எங்கேயும் இல்லை. என் கையாலேயே குருவிக்குப் போட்டாயிற்று. இனி அது இருக்கிற இடம் ஒன்றே ஒன்று. அது எந்த இடம் என்று தெரிந்ததும் அவரையே வேண்டாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

யார் உன்னிடம் சொன்னார்களோ தெரியாது. அந்த மாதமே நீ வந்தாய். வாசல் பக்கம் வராமல் கொல்லைக் கதவுக்கு வெளியே நின்றாய். மெலிந்திருந்தாய். ஏலக்காய் எடுத்து எடுத்து விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. காலில் அட்டை கடித்த தழும்பு. நான் கதவைத் திறக்கவில்லை, சாத்தவும் இல்லை. மடியிலிருந்து மஞ்சள் துணி முடிச்சை எடுத்தாய். சடங்குக்கு நான் முடிந்து அனுப்பிய அதே துணி, வெளுத்துப் போயிருந்தது.

"கொடிய வெட்டிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். நல்லா முத்தவிட்டு எடுத்த வெத. சாம்பல்ல பொரட்டித்தான் வச்சிருந்தேன்."

என் அம்மா வீட்டு விதையை நான் உன்னிடம் கை நீட்டி வாங்க வேண்டும். இந்த ஜென்மத்தில் எனக்கு அதைவிடப் பெரிய அவமானம் வந்ததில்லை. புருஷனைக் கொடுத்ததுகூடத் தெரியாமல் கொடுத்தது. இது தெரிந்தே வாங்குவது. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறு ஒன்று வந்தது.

"என்னையப் பத்தி அவரு என்னதான் சொன்னாரு?"

நீ முடிச்சைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். "அக்கான்னாரு. மாமா பட்டாளத்துல இருக்காருன்னாரு. லீவுக்கு வரும்போது ஒன்னயக் கூட்டிப் போயிக் காட்டுறேன்னு வருசா வருசம் சொல்லுவாரு."

எனக்கு ஒரு பட்டாளத்துப் புருஷனைக் கட்டிவைத்து, லீவு கிடைக்காமலும் பார்த்துக்கொண்டிருக்கிறார்!

"நீங்கல்லாம் லயத்துச் சனங்கன்னு எங்கிட்டச் சொன்னாரு" என்றேன். "ஒரு லயமே என் காயைத் திங்குதுன்னு."

"லயமா? நானும் எம் மகளுந்தான்."

நீ சிரித்துவிட்டாய். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் நீயும் இந்தப் பக்கம் நானுமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். பிறகு நீ அழுதாய். நான் அழவில்லை. அழுதால் அது உன்னோடு சேர்ந்து அழுததாகிவிடும்.

"மலைக்கோயில்ல வச்சு ஊரறியத்தான் தாலி கட்டுனாரு" என்றாய். "ஒங்களத் தெரிஞ்சிருந்தா நான் கழுத்த நீட்டியிருப்பனா? ஒங்க காயத் தின்னுட்டு ஒங்களுக்கே..."  கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பந்தல் அவருதான் போட்டுக் கொடுத்தாரு. அதையும் வெட்டிப்புடலாம்னுதான் நெனச்சேன். காயப் பாத்ததும் கை வரல" என்றாய்.

எனக்குக் கை வந்தது. உனக்கு வரவில்லை. அதனால்தான் அந்த அவரை இன்றைக்கு இருக்கிறது. இதை உனக்கு முகத்துக்கு நேரே சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன், வைத்துக்கொள். உனக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அப்படி எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன் என்பதையும் தெரிந்துகொள்.

முடிச்சை வாங்கிக்கொண்டேன். "வெரசாப் போ, கடைசி ஜீப்பு போயிரும்" என்றேன். ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. நீயும் கேட்கவில்லை. மடியைத் தட்டிவிட்டுக்கொண்டு போனாய். அதுதான் நாம் பேசிய பேச்சு. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

நட்டேன். புதுக் கம்பு வாங்கிப் புதுப் பந்தல் போட்டேன். தையில் என் கொடி காய்த்தது, உன் பையும் வந்தது. இந்தத் தடவை மாட்டுக்குப் போடவில்லை. என் காயையும் உன் காயையும் ஒரே சட்டியில் போட்டு வதக்கினேன். வெந்த பிறகு எது யாருடையது என்று எனக்கே தெரியவில்லை. பை திரும்பும்போது கத்தரிக்காயும் பாகற்காயும் போட்டு அனுப்பினேன். சொத்தை இல்லாததாகப் பார்த்துத்தான். ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பவில்லை. நீயும் அனுப்பவில்லை. நல்ல வார்த்தைகளையெல்லாம் ஒருவர் முன்பே சுமந்து தீர்த்துவிட்டாரே.

போன ஆடி மழையில் உனக்குக் குளிர்காய்ச்சல் என்றார்கள். பிறகு எடுத்துப் போட்டாயிற்று என்றார்கள். டிரைவர் வந்து சொன்னபோது நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஆய்ந்து முடித்தேன். உனக்கு எந்த முறையில் அழுவது? கூடப்பிறந்தவளுக்கு ஒப்பாரி தெரியும், நாத்தனாருக்குத் தெரியும், பகையாளி வீட்டில்கூட என்ன சொல்லி அழுவது என்று எங்கள் பக்கம் தெரியும். உனக்கு அழ எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கீரையைக் கழுவும்போது இரண்டு தடவை அலச வேண்டியதை நான்கு தடவை அலசினேன். அவ்வளவுதான் செய்தேன்.

இன்று காலை கொல்லைக் கதவுக்கு வெளியே சத்தம் கேட்டது.

"அத்தை."

கிணற்றடியில் குனிந்திருந்தவள் திரும்பிப் பார்த்தேன். உன் மகள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, நீ நின்ற அதே இடத்தில் நின்றாள். அந்த முறையை மட்டும் சொல்லி என்னை இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. தம்பி பிள்ளைகள்கூடப் பெயரைச் சேர்த்துத்தான் கூப்பிடும்.

"கன்னிக்காய் கொண்டாந்தேன். லயத்து வீட்ட வேற ஆளுக்குக் கொடுத்துட்டாங்க. பந்தலப் பிரிக்கிறதுக்கு முந்திப் பறிச்சதுதான். இனிமே அங்க எடம் இல்ல."

"ஒனக்கு?"

"இங்க கீழ போடியில ஏலக்கா பொறுக்கித் தரம் பிரிக்கிற எடத்துல சோலி கெடச்சிருக்கு. கூட வேலை பாக்குற மலையாளத்துச் சேச்சி வீட்டுல இருக்கேன்."

கதவைத் திறந்தேன். உள்ளே வந்து பையை அடுப்படி வாசலில் இறக்கினாள். பந்தலை அண்ணாந்து பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அம்மா ஒங்களைப் பெரியம்மான்னு கூப்புடணும்னு சொல்லிக் கொடுத்துச்சு. வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டேதான் வந்தேன். வாயில வரல. வெவரம் தெரிஞ்ச நாளா போடியில அத்தை இருக்கு, காய் கொடுத்தனுப்பும்னே சொல்லி வளத்துட்டாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ள நான் யார்? இந்தப் பிள்ளையின் உளுந்துக்களிக்கு உளுந்து அளந்தவள் நான். தாவணி எடுத்தவள் நான். விதை முடிந்தவள் நான். அத்தை செய்கிற அத்தனையையும் என்னைச் செய்யவைத்துவிட்டு அந்த மனுஷன் போய்விட்டார். பெரியம்மாவாக இருந்திருந்தால் ஒரு முட்டையாவது கொடுத்திருப்பேனா? கதவையல்லவா சாத்தியிருப்பேன்! அந்தப் பொய் இல்லாவிட்டால் உன் பிள்ளைக்கு என் காய் இல்லை, எனக்கு அந்த அவரை இல்லை. இதை நினைக்கும்போது அந்த மனுஷனை எழுப்பி உட்காரவைத்து இரண்டு அறை விடலாம் போல இருக்கிறது.

"அத்தைன்னே இருக்கட்டும்" என்றேன்.

அடுப்பைப் பற்றவைக்கப் போனபோது, அவள் கிணற்று மேட்டில் விரலால் குழி பறித்து மடியிலிருந்து எடுத்து விதை போட்டுக்கொண்டிருந்தாள். தை மாதத்தில் யாராவது அவரை போடுவார்களா? உன் வளர்ப்பு அப்படி. சொல்லலாம் என்று வாயெடுத்தேன், சொல்லவில்லை. முளைத்தால் முளைக்கட்டும். முளைத்தால் அதன் கன்னிக்காயை எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்கு அனுப்புவது என்றுதான் தெரியவில்லை. விதை கொடுத்த வீடும் நட்ட வீடும் ஒரே கொல்லைதான் இனி.

சோறு வெந்துகொண்டிருக்கிறது. உன் அவரையைக் கிள்ளி நாரெடுத்துக்கொண்டே நடு நடுவே இதை எழுதுகிறேன். உன் புருஷனிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பொய். என் புருஷனிடமிருந்து உன் மகளுக்கு மிஞ்சியதும் அதே பொய்தான். அவள் வெளியிலிருந்து மறுபடி கூப்பிடுகிறாள், "அத்தை, வாளி எங்க இருக்கு?" என்று.

இதோ, போகிறேன்.